இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு பாலம்

"ஏனுங்க, உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா? ஊருல எத்தனையோ புள்ளைங்க காது குத்தியிருக்குது. அதையெல்லாம் உட்டுப்போட்டு என்ர மவ காதையே எதுக்குங்க கேக்கறீங்க? வந்தமா, காப்பித்தண்ணி குடிச்சமா, போனமான்னு இருக்கறதில்ல. இதத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன நாட்டையா திருத்தப் போறீங்க?"

கேட்கிறவர்களை நான் முதலில் இப்படித்தான் திட்டுவேன். திட்டினால் எழுந்து போகிறவர்களுக்குக் கதை சொல்லிப் பிரயோசனமில்லை. திட்டு வாங்கியும் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்லலாம். நீங்கள் இன்னும் இந்த வரிவரைக்கும் வந்திருக்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

என் மகளுக்கு வலது காது மூத்தது, இடது காது இளையது. மூன்றாம் வயதில் ஒன்று குத்தினோம், ஐந்தாம் வயதில் மற்றொன்று. நடுவில் இருந்த காலம் முழுக்க அவள் ஒற்றைத் தோட்டோடுதான் எங்கள் ஊரில் திரிந்தாள். அதற்குக் காரணம் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருப்பது எங்கள் ஊர். ரோட்டுக்கும் எங்களுக்கும் குறுக்கே ஓர் ஓடை. வருசத்தில் முக்கால்வாசி அது ஓடையே கிடையாது, வெறும் மணல். வெள்ளாடு படுத்து அசைபோடும். ஐப்பசி வந்து, மேற்கே கரட்டுப் பக்கம் மழை பிடித்தால் மட்டும், நேற்றுவரை படுத்திருந்தது எழுந்து நின்றுகொள்ளும். அப்புறம் பள்ளிக்கூடம் கிடையாது, பால் சொசைட்டி கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது. எல்லாமே அந்தக் கரையில்.

என் மகள் பிறந்தது அப்படியொரு ஐப்பசியில். வலி எடுத்ததும் வண்டி பூட்டினார்கள். கரைக்குப் போனால் தண்ணீர் வண்டியின் அச்சு உயரத்துக்கு ஓடுகிறது. மாடு இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்கிறார், தண்ணீரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"சித்த பொறுத்துக்கம்மிணி, தண்ணி வடிஞ்சுரும்" என்றார்.

"அத உள்ள இருக்கறதுகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

உள்ளே இருந்தது அப்பன் பேச்சைக் கேட்கவில்லை. மாமியார் தன் சேலையொன்றை வண்டியைச் சுற்றித் தடுப்பாகக் கட்டி, மழையில் நனைந்துகொண்டே பிரசவம் பார்த்தார். என் மகள் ஓடைக்கரையில், மாட்டு வண்டியில், வைக்கோல் மேல் பிறந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது மாமியாரின் கைராசி. அன்றிலிருந்து அந்த ஓடையில் பாலம் வேண்டும் என்பது எனக்கு ஊர்க் கோரிக்கையாக இல்லை. அடுத்த பிள்ளையையும் வைக்கோலில் பெற எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம், எண்பதுகளின் தொடக்கத்துத் தேர்தல் வந்தது. ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வேட்பாளர்கள் எப்போதும் ஓடை காய்ந்திருக்கும்போதுதான் எங்கள் ஊருக்கு வருவார்கள். ஜீப் மணலில் சும்மா சறுக்கிக்கொண்டு வந்து நிற்கும். "எங்கம்மா தண்ணி, எதுக்கும்மா பாலம்?" என்பார்கள். என்னைக் கேட்டால் தேர்தலை ஐப்பசியில்தான் வைக்கவேண்டும். நீந்தி வந்து ஓட்டுக் கேட்கட்டும். வந்து சேர்கிறவருக்குப் போடலாம்.

அந்த வருசம் வந்தவர் நல்ல களையான ஆள். எங்கள் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைதான். கும்பிட்ட கையை இறக்காமல் வந்தார். வாசலில் நான் பிள்ளையோடு நிற்கிறதைப் பார்த்ததும் கையை இறக்கி, பிள்ளையை வாங்கிக்கொண்டார். வேட்பாளர் என்றால் பிள்ளையைத் தூக்கவேண்டும், பாட்டியைக் கட்டிப்பிடிக்கவேண்டும், அது வழக்கம். என் மகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் தூக்கினால் நனைத்துவிடுவாள்.

வெள்ளை வேட்டி. ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"தாய்மாமன் வேட்டி நனஞ்சா நல்லதுதானுங்க" என்றார்.

மாமியார் சும்மா இருக்கவேண்டுமா இல்லையா? "அவளுக்குக் கூடப் பொறந்தவனே இல்லீங்க சாமி. ஒத்தப்புள்ள. இந்தக் கண்ணுக்கு மாமன் மடிக்கு நாங்க எங்கீங்க போவோம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். வெயிலா, கூட்டமா, நனைந்த வேட்டியா தெரியாது. பிள்ளையை உயரத் தூக்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இன்னைக்கிருந்து நான் இருக்கறனுங்க பொறந்தவன். இந்தப் புள்ளைக்கு என்ர மடிதான் மாமன் மடி. இவ காது குத்தறதுக்குள்ள இந்த ஓடையில பாலம் நிக்கும். அதுதான் இவளுக்கு நாஞ் செய்யற மாமன் சீருன்னு வெச்சுக்கங்க."

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை. அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவன் பொய் சொல்லலாம். தண்ணீர் தருவேன், கரண்ட் தருவேன் என்று மேடைக்கு மேடை சொல்லலாம். அதற்கெல்லாம் நாங்களும் தலையாட்டிவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விடுவோம். ஆனால் நான் உனக்குப் பொறந்தவன் என்று ஒருவன் பொம்பளையிடம் சொன்னால் அது பேச்சில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டு வரவேண்டும். பிள்ளைக்குக் காது குத்தும்போது மாமன் மடியில்தான் உட்காரவைக்கவேண்டும். மாமன் வராவிட்டால் காது குத்து நின்றுவிடும். அவர் எங்கள் பக்கத்து ஆள், இந்த முறையெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டார். அரசியலில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஓட்டுப் போடப் போனேன். சீட்டைக் கொடுத்து விரலில் மை வைத்த அதிகாரி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் போலிருந்தது.

"ஏனுங் சார், இந்த மை எத்தன நாளைக்கு இருக்கும்?"

"கொஞ்ச நாளு இருக்கும்மா. தானா போயிடும்."

"ஓட்டு?"

"அது அஞ்சு வருசம்."

"மை அழிஞ்சதும் அவரு எங்கள மறந்துட்டாருன்னா, இந்தச் சீட்ட நடுவுல திருப்பி வாங்கிக்கலாங்களா?"

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "அப்டியெல்லாம் கெடையாதும்மா. நகருங்க, பின்னால ஆளு நிக்கிறாங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரோட்டோரக் கடையில் பேப்பர் படிக்கிறவர். நாலு விசயம் தெரிந்தவர், அதில் மூன்று தப்பாக இருக்கும். இதில் மட்டும் சரியாகச் சொன்னார்.

"நீ கேட்டது ஒண்ணும் புதுசில்லம்மிணி. அவசரநிலைக்கு முன்னாலயே வடக்க கேட்டாங்க. செயிச்சவன் சரியில்லீன்னா பாதியில திருப்பிக் கூப்புடற உரிமை சனங்களுக்கு வேணும்னு."

"குடுத்தாங்களா?"

"எங்க குடுத்தாங்க."

"ஏனாம்?"

"குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற எடத்துல உக்காந்திருக்கறதே அவிங்கதான?"

எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். சந்தையில் மாடு வாங்கினால்கூட, ஏரில் பூட்டும்போது அது படுத்துக்கொண்டால் அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், "உன் மாட்டை நீயே வைத்துக்கொள்" என்று சொல்லலாம். எம்.எல்.ஏ.வை எந்தச் சந்தைக்கு ஓட்டுவது?

அவர் ஜெயித்தார். ஐப்பசி வந்தது. ஓடை எழுந்து நின்றது. பாலம் வரவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் மாமியார் காது குத்தலாம் என்றார். எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது. ஒன்று விட்டால் மூன்று, மூன்று விட்டால் ஐந்து.

"பாலம் எங்கீங்கத்தை?" என்றேன்.

"பாலத்துக்கும் காதுக்கும் என்னடி?"

"பாலம் வந்தாத்தான் காதுன்னு மாமன் சொல்லியிருக்காரு. நீங்கதான மாமன் மடி இல்லீன்னு அழுதீங்க? இப்ப இருக்குது. அவரு வராம எப்படிக் குத்தறது?"

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, அவரு ஓட்டுக்குச் சொன்னாரு. உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஓட்டுக்குச் சொன்னதுன்னா ஓட்டத் திருப்பித் தரட்டும்."

என் சித்தப்பா மகன் ஒருவன், வழக்கப்படி அவன்தான் மாமன் முறைக்கு உட்காரவேண்டியவன், கோபித்துக்கொண்டு வந்தான். "ஏக்கா, நான் ஒருத்தன் இருக்கையில பொறந்தவன் இல்லீன்னு எம்.எல்.ஏ.கிட்ட ஒப்பாரி வெச்சீங்களாம்?" அவனுக்குக் கோழிக் குழம்பு வைத்துச் சமாதானப்படுத்தினேன். "உன்ர மடி எங்கயும் போயிராது சாமி. அந்த மடி அஞ்சு வருசத்துல போயிரும், அதனால முன்னாடி அதப் புடிச்சுக்கறேன்" என்றேன். அவன் இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு வயது தாண்டியது. இரண்டாம் ஐப்பசியும் வந்து போனது. காதில் ஒன்றுமில்லாத பொட்டைப்பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில், சந்தையில், கோயிலில் என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். நான் சளைக்காமல், "மாமனுக்காகக் காத்திருக்கறமுங்க" என்பேன். மாமன் யார் என்று கேட்பார்கள். சொல்வேன். கொஞ்ச நாளில் தொகுதி முழுக்கத் தெரிந்துபோனது. எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் தெரியவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் சொல்லவில்லை. அப்படிப்பட்ட செய்திகளை அவரிடம் சொல்லாமல் இருப்பதற்காகவே சுற்றி இருப்பவர்கள்.

ஆகவே நானே சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாழைத்தார் ஒன்றைச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு, ஓடை மணலில் நடந்து, பஸ் ஏறி, சேலம் வந்து, ஃபேர்லேண்ட்ஸில் அவர் வீட்டைத் தேடிப் பிடித்தேன். வாசலில் கூட்டம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வழிமறித்தார்.

"மனு குடுக்கறதுன்னா அந்தப்பக்கம் நில்லுங்க."

"நான் மனுவுக்கு வரலீங்க. பொறந்தவன் ஊட்டுக்கு வந்திருக்கறேன். கொல்லப்பக்கம் வழி எங்கிருக்குதுங்க?"

வாழைத்தாரையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு அவர் வழிவிட்டார். கை வீசிக்கொண்டு வருகிறவள் மனு கொடுக்க வந்தவள், தலையில் தாரோடு வருகிறவள் சொந்தக்காரி. நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எம்.எல்.ஏ.வின் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நங்கையா, சௌக்கியங்களா?" என்றேன். அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவருக்கு யார் என்று தெரியவில்லை. ஆனால் நங்கையா என்று கூப்பிட்டவளை யார் என்று கேட்க முடியுமா? உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். தடவிய கை காதுப் பக்கம் போனது. நின்றது.

"ஏனுங்கம்மிணி, இந்தத் தங்கத்துக்கு இன்னும் காது குத்தலீங்களா?"

அதற்காகத்தானே வந்தேன். ஓடைக்கரை வண்டியிலிருந்து ஆரம்பித்து, நனைந்த வேட்டி, மாமன் மடி, பாலம் எல்லாம் சொன்னேன். அழவில்லை. அழுதால் மனுவாகிவிடும். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து நல்லது கெட்டது சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

அவர் கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரலை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். எங்கள் ஊரில் எருமை கிணற்றுப் பக்கம் போனால் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏனுங்க! இங்க வாங்க சித்த!"

சட்டசபையில் எத்தனை பேர் கேள்வி கேட்டாலும் அசராதவர் என்று சொல்வார்கள். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மாமன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"எங்க?"

"எங்கயா? அப்ப இன்னும் எத்தன ஊருல சொல்லி வெச்சிருக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவர் வேட்டியை எட்டிப் பிடித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, முகம் அப்படியே இளகியது. "அட, நம்ம ஓடைக்காரி!" என்றார்.

"ஒரு பொட்டப்புள்ள உங்க பேரச் சொல்லி வெறுங்காதோட நிக்குது. இந்த ஊட்டுக்கு ஆகுங்களா அது?" என்றார் மனைவி.

"அவ்வளவுதான? இப்பவே ஆசாரியக் கூப்புட்டுக் குத்திரலாம். தோடு நான் எடுக்கறேன், கல்லு வெச்ச தோடே எடுக்கறேன்."

"தோடு எங்கத்தைகிட்டயே இருக்குதுங்கண்ணா" என்றேன். "சீரு பாலம்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நாங்க கேக்கலீங்களே."

அவர் என்னென்னவோ சொன்னார். இஞ்சினியர், எஸ்டிமேட், மெட்ராசில் ஃபைல். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில், "வர்ற ஐப்பசியில புள்ளைக்கு மூணு முடியுதுங்கண்ணா. அன்னைக்கு வெத்தல பாக்கோட கூப்புடறேன். நங்கையாளையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க" என்று சொல்லி, வாழைத்தாரை வைத்துவிட்டு வந்தேன். ஐப்பசி என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர் மனைவி கவனித்தார். எங்கள் ஓடையைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் கேட்டிருந்தாரே. வாயை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. காது குத்தன்று காலை ஓடையில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். நாங்கள் இந்தக் கரையில் மேளத்தோடு நிற்கிறோம். அந்தக் கரையில் அம்பாசிடர் கார் வந்து நிற்கிறது. எம்.எல்.ஏ. இறங்கினார், மனைவி இறங்கினார், கூட நாலைந்து கட்சிக்காரர்கள் இறங்கினார்கள். ஒரு வண்டியில் பெயர் பொறித்த கல் ஒன்று வந்திருந்தது. பாலத்துக்கு அடிக்கல்லாம், அந்தக் கரையிலேயே நட்டார்கள்.

சீர்த்தட்டை மாமன்தான் சுமந்து வரவேண்டும், வேறு ஆள் கொண்டுவந்தால் அது சீர் இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பழம், தேங்காய், வெல்லம், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை எல்லாம் வைத்த தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். வைத்ததும் நின்றுவிட்டார், எங்கள் மாடு நின்றது போலவே.

"இவ்வளவு தண்ணி வருங்களா இதுல?" என்று கத்தினார்.

"இதத்தானுங்க சொல்லிக்கிட்டே இருக்கறோம்!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது.

என் வீட்டுக்காரர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். நடு ஓடையில் ஒரு தேங்காய் விழுந்து தண்ணீரோடு போனது. கரையேறும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது. பயந்திருந்தார். பிள்ளை பிறந்தபோது வண்டி நின்ற இடம் எது என்று என்னைத் தனியாகக் கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆளை எனக்கு அப்போது இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

ஆனால் பிடித்துப்போனதற்காகக் காரியத்தை விட்டுவிட முடியாது. முந்தின நாளே ஆசாரியிடம் பேசி வைத்திருந்தேன். அவர் மாட்டேன் என்றார். "ஒத்தக் காது குத்துனவன்னு பேரு வந்தா அப்பறம் யாரும்மிணி என்னக் கூப்புடுவாங்க?" என்றார். "மறுகாது குத்தறதுக்கும் உங்களத்தான கூப்புடோணும்? ஒரு புள்ளைக்கு ரெண்டு விருந்து" என்றேன். விருந்து என்றதும் ஒத்துக்கொண்டார்.

மாமன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் பிள்ளை. கையில் காப்பரிசி, வெல்லம் கலந்த அரிசி, வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள். மடியில் பிள்ளையை வாங்கிய மாமன், ஆசாரி வேலை முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. ஆசாரி ஊசியைத் துடைத்தார், விளக்கில் காட்டினார், திரும்பத் துடைத்தார். அவசரமே இல்லை. பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

"ஏனுங், ரேசன் கடையில சீமெண்ணெய் எப்பக் கேட்டாலும் இல்லீங்கறாங்களே, அது எங்கீங்க போவுது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரியோடு ஆந்திராப் பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அதனால் அவளுக்கு யாரையாவது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

"பாக்கறனுங்க" என்றார் எம்.எல்.ஏ.

"பாக்கறேன்னா எப்பங்க? நீங்க பாக்கறதுக்குள்ள எங்க வெளக்கு அணைஞ்சுருதே."

"செயிச்சு இத்தன நாளா ஏனுங்க ஒருக்காக்கூட வரல?" என்றது இன்னொரு குரல்.

பிள்ளை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. எழுந்திருக்க முடியாது, கோபித்துக்கொள்ளவும் முடியாது, மேடை மாதிரிச் சத்தமாகப் பேசினால் பிள்ளை அழும். அவர் மெதுவாக, ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். மேடையில் அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஜெயித்தவர்கள் எல்லாரையும் வருசத்துக்கு ஒரு நாள் இப்படித் தொகுதியில் யார் வீட்டுப் பிள்ளையையாவது மடியில் கொடுத்து உட்காரவைக்கவேண்டும் என்று சட்டம் போட்டால் போதும். வேறு ஒன்றும் திருத்த வேண்டாம்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீலென்று கத்தியது. மாமன் கண்ணில் தண்ணீர். மாமியார் தோட்டை மாட்டினார். ஆசாரி ஊசியைத் துடைத்துப் பையில் போட்டு மூடினார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

"இன்னொரு காதும்மா!" என்றார் எம்.எல்.ஏ.

"அடிக்கல்லுக்கு ஒரு காதுங்கண்ணா. பாலத்துக்கு ஒரு காது."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி, ஒத்தக் காதோட ஒரு பொட்டப்புள்ளய ஒலகத்துல எங்கயாச்சும் பாத்திருக்கறயா? சாமி கண்ணக் குத்தும்டி!"

கட்சிக்காரர் ஒருவர், "என்ன வெளையாட்டும்மா இது, கல்லு நட்டாச்சுன்னா பாலம் வந்த மாதிரிதான்" என்று முன்னால் வந்தார்.

"அப்ப ஒரு காது குத்தியாச்சுன்னா ரெண்டும் குத்துன மாதிரிதானுங்க" என்றேன்.

முதலில் சிரித்தது எம்.எல்.ஏ.வின் மனைவி. அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. பாதியில் நின்ற சீர் பொறந்த வீட்டுக்கு ஆகாது என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். புருசனைத் திரும்பிப் பார்த்து, அடங்கிய குரலில், "கேட்டுக்கிட்டீங்களா? மீதியச் செஞ்சு முடிங்க. முடிக்கற வரைக்கும் நம்மூட்டுல எந்த நல்லதும் வெக்கறதில்ல" என்றார். அவர்களுக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். எங்கள் பாலத்துக்கு இஞ்சினியர், கலெக்டர், மந்திரி யாரும் போடாத கெடுவை ஒரு பொம்பளை போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அவரை ஓடையில் அடிக்கடி பார்த்தோம். முதலில் அளக்கிறவர்களோடு வந்தார். அப்புறம் தனியாகவே வந்தார். கம்பி வந்தது, ஜல்லி வந்தது, நடுவில் வேலை நின்றது, ஒப்பந்தக்காரர் மாறினார். பொங்கல் சீர் மட்டும் நிற்கவில்லை. ஒரு பொங்கலுக்கு வந்தபோது என்னிடம், "எதிர்க்கட்சிக்காரனச் சமாளிச்சரலாம் போலிருக்குதும்மா. உன்ர நங்கையாளத்தான் முடியல. பையனுக்கு மூணு எடத்துலருந்து பொண்ணு வந்துருச்சு. நான் கண்ணாடியில மொகம் பாத்தாக்கூட, மறுகாது என்னாச்சுன்னு கேக்கறா" என்றார். இரண்டாவது காப்பி கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் ஒற்றைத் தோட்டோடு அவர் முன்னால் வந்து நின்று, வெறும் இடது காதைத் திருப்பிக் காட்டினாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

பிள்ளைக்கு ஐந்து முடிகிற ஐப்பசிக்கு முன்னால் பாலம் முடிந்தது. பெரிய பாலமென்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தரைப்பாலம். பெருவெள்ளம் வந்தால் அதன் மேலேயும் தண்ணீர் போகும். கைப்பிடிச் சுவருக்குப் பணம் போதவில்லையாம். சொன்னதில் பாதி உயரம்தான். அதை நான் அவரிடம் சொல்லியும் காட்டினேன். "காதுல துளை கொஞ்சம் சின்னதாப் போட்டுக்கச் சொல்லும்மா" என்றார். அவரும் எங்களோடு பேசிப் பேசித் தேறிவிட்டார்.

இடது காதைப் பாலத்து மேலேயே குத்தினோம். இந்தத் தடவை அவர் கால் நனையாமல் வந்தார். கூடவே மகனின் கல்யாணத்துக்கும் வெற்றிலை பாக்கு வைத்தார். சீர்த்தட்டை அவரே சுமந்தார், ஒரு தேங்காயும் விழவில்லை. பிள்ளைக்கு விவரம் தெரிந்துவிட்டது, ஊசியைப் பார்த்ததும் மடியில் நிற்க மாட்டேன் என்று உதைத்தாள். மாமன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது. இனி மாமனுக்கும் வலிக்காது" என்றார். தோடு மாட்டியதும் மாமியார் இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார். நாலு வருசம் என்னைத் திட்டியவர், அதனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த வருசக் கடைசியில் தேர்தல் வந்தது. புதுப்புது ஆட்கள் பாலத்து மேல் ஜீப்பில் வந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வேட்பாளரும் ஒரு பிள்ளையையும் தூக்கவில்லை. நாங்கள் நீட்டினாலும் கும்பிட்ட கையைப் பிரிக்கவே இல்லை.

அதற்கு முன்னால், இரண்டாவது காது குத்தன்று விருந்து முடிந்து, பொம்பளைகள் பாலத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ரிக் லாரிக்காரர் பெண்டாட்டிக்கு அப்போது மாசம் ஏழு. வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்க புள்ளைக்குக் காது முடிஞ்சுபோச்சு. இனி நாம அவிங்கள எதக் காட்டி வரச்சொல்றது?"

"உன்ர வயித்துல இருக்கறது எதுக்கு இருக்குதாம்? இது பொறந்ததும் யாரு செயிச்சாலும் மொதல்ல அவிங்க மடியில போடு. ஒரு காதுக்குப் பஸ்ஸக் கேளு, ஒரு காதுக்கு ரேசன் கடையக் கேளு."

"ஆஸ்பத்திரியும் வேணுமேக்கா?"

"அதுக்குத்தாஞ் சொல்றேன், உன்ர ஊட்டுக்காரர் வந்தா சொல்லி வையி. அடுத்தது ரெட்டப்புள்ளயாப் பாத்துப் பெத்துக்குங்க. நாலு காது இருந்துச்சுன்னா காலேஜே கேட்டுப் பாத்தரலாம்."